அகஸ்டினா ஊசியைக் கீழே வைத்தாள்

அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் சிவசைலத்துக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. அவராகவே ஒருநாள் அந்த முடிவுக்கு வந்து, தன்னைவிட வயதில் ரொம்பவே இளையவரான நசீமாவிடம் மாணவராகச் சேர்ந்தார். நசீமா அதே மருத்துவக் கல்லூரியில், மருத்துவத்தை எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருகிற டாக்டர். தலை நரைத்தபிறகு என்ன படிப்பு என்று சக பேராசிரியர்கள் கிண்டலடித்தார்கள். மனிதர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ட்ரிப்ஸ் ஏற்றுவதற்கு ஊசி போடுவதை முதலில் பிளாஸ்டிக் கையில் பழக்கினால் மாணவர்கள் சீக்கிரம் தேறுகிறார்களா என்று பார்க்கும் ஆய்வு. செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதி அவரே செக்லிஸ்ட் போட்டிருந்தார். பிள்ளைகள் மளமளவென்று தேறினார்கள். எல்லோரையும் முந்தியவள் அகஸ்டினா.

அதே அகஸ்டினாதான் வார்டில் முதல் நோயாளியின் முன்னால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே வெளியேறினாள். இனிமேல் டாக்டருக்குப் படிக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிப் போக அவளுடைய அப்பா ஊரிலிருந்து வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்.

சிவசைலம் நசீமாவின் பயிற்சி அறைக்குப் போனார்.

“மேடம், அந்தப் பொண்ணு ஒருத்திதான் கணக்குல இடிக்கிறா. படிப்பையே விட்டுட்டுப் போறா. ஆய்வுலருந்து எடுத்துடலாமா?”

வாய் ஆய்வைப் பற்றிக் கேட்டதே தவிர, அவர் மனசு முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்த அந்த அப்பாதான். காலையிலிருந்து சிவசைலம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நசீமா தன் இடது கையை மேசைமேல் நீட்டினார்.

“எனக்கு ஊசி போடுங்க சார்.”

சிவசைலம் கையுறை மாட்டி, கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டு முடித்தார்.

“என்னென்ன செஞ்சீங்க?”

“கையில ரப்பர் பட்டை கட்டினேன். நரம்பைத் தடவிப் பார்த்தேன். துடைச்சேன். தோலை இழுத்துப் பிடிச்சு ஏத்தினேன். ரத்தம் வந்துச்சு, பட்டையை அவிழ்த்தேன்.”

“நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க.”

“எதையும் விடல மேடம். எத்தனை வருஷமா போடறேன்.”

நசீமா வலது கையை நீட்டினார். “அப்போ இதுலயும் போடுங்க. இந்த வாட்டி உங்களையே கவனிச்சுக்கிட்டுப் போடுங்க.”

சிவசைலம் பட்டை கட்டினார். நரம்பைத் தடவினார். துடைத்தார். ஊசியை எடுத்தவர் தலை நிமிர்ந்து நசீமாவின் முகத்தைப் பார்த்தார்.

“லேசா சுருக்குன்னு இருக்கும்மா. அவ்வளவுதான்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. மேடம் என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவரை அம்மா என்று சொல்லியிருக்கிறார். ஊசி பிடித்த கை அப்படியே நின்றது.

“முதல் தடவையும் இதைத்தான் சொன்னீங்க,” என்றார் நசீமா.

சிவசைலத்துக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஊசியை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார். “இதை செக்லிஸ்ட்ல சேர்த்துடறேன் மேடம். முகத்தைப் பார்க்கணும், ரெண்டு வார்த்தை பேசணும்.”

“பிளாஸ்டிக் கைக்கு முகம் எந்தப் பக்கம் சார்?”

பேனா சட்டைப்பைக்குத் திரும்பியது.

நசீமா ஆளனுப்பி அகஸ்டினாவை வரவழைத்தார். வீங்கிய கண்களோடு வந்து கதவோரம் நின்றாள்.

“அன்னைக்கு வார்டுல என்னம்மா ஆச்சு?”

“மேம், அவரு மூட்டை தூக்கறவரு. பெரிய ஆளு, பெரிய மீசை. ஊசியை எடுத்துட்டு அவரு முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிட்டாரு, உதடு நடுங்குச்சு. அப்புறம் எனக்குக் கை ஓடல. எனக்கு இது வராது மேம். என்னை விட்டுடுங்க.”

சிவசைலம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று அவளுடைய செக்லிஸ்ட் தாளில், தயங்கினாள் என்று எழுதிப் பூஜ்யம் போட்டவர் அவர்தான். சொல்லிக்கொடுக்காததைத் தானாகச் செய்தவளுக்குப் போட்ட பூஜ்யம்.

“மேடம், இவளுக்கு நான் இப்போ என்ன சொல்லிக்குடுக்கறது?”

“ஒண்ணும் வேணாம். சட்டைக் கையை மடிச்சு விடுங்க.”

அவருக்குப் புரிந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையை மேசைமேல் வைத்தார். அகஸ்டினா நசீமாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கையுறையை எடுத்து மாட்டினாள்.

பட்டை கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, துடைத்து, ஊசியை எடுத்தாள். சிவசைலம் ஊசி போட்ட கைகளுக்குக் கணக்கில்லை. தன் கையில் ஒருவர் ஊசி பிடித்து நிற்பது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அகஸ்டினா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பயமா இருக்கா சார்?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. “கொஞ்சம் இருக்கும்மா,” என்றார். நசீமாவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஊசி தப்பிடுச்சுன்னா மேடம்?”

“அப்பவும் கையை எடுத்துடாதீங்க சார்.”