தண்டபாணியின் புது லேப்டாப்

ஓசூரில் இன்வெர்ட்டர் போர்டு செய்யும் ஒரு கம்பெனிக்குத் தண்டபாணி மேனேஜர். போர்டைச் சோதிக்கும் பெட்டி, பழைய கம்ப்யூட்டரின் அகலமான பிரிண்டர் போர்ட்டில்தான் மாட்டும்.

"ஆர்டர் கொடுக்கிற மேடம் வர்றாங்க. அந்தக் கிழட்டு கம்ப்யூட்டர் அவங்க கண்ணுல படக்கூடாது. மேசைமேல என் புது லேப்டாப்தான் இருக்கணும், பெட்டியும் ஓடணும்" என்றார், பெட்டியை இயக்கும் செவ்வந்தியிடம்.

"லேப்டாப்புல அந்த போர்ட்டே கிடையாது சார்."

"அது உன் பாடு. ஓடலேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

"ஆகட்டும் சார்."

மேடம் வந்தபோது பெட்டியில் பச்சை விளக்குகள் குதித்துக் குதித்து எரிந்தன. தண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் இதோட வேலை மேடம். எவ்வளவு லேசு பாருங்க" என்று லேப்டாப்பை ஒரே கையில் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு ஒயரும் இல்லை. விளக்குகள் பாட்டுக்கு எரிந்தன.

"அப்ப பெட்டியை ஓட்டுறது யாரு?" என்றார் மேடம்.

செவ்வந்தி மேசைவிரிப்பை விலக்கினாள். அடியில் கிழட்டு கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"கண்ணுல படக்கூடாதுன்னுதானே சார் சொன்னீங்க."

மேடம் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா எங்க கம்பெனிக்கு வந்தா, நீங்களும் மேசைக்கடியில குனிஞ்சு பார்க்கக்கூடாது."