தெய்வானையின் நுழைவுப் பாட்டு

"முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஆடிக் காட்டிடணும் மிஸ். இன்னும் ரெண்டு ஸ்டெப் சேர்த்துக் குடுங்க" என்றாள் தெய்வானை.

தெய்வானைக்கு ஐம்பத்து மூன்று வயது. கோவையில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். இடுப்பு வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லி பெல்லி டான்ஸ் வகுப்பில் சேர்ந்தவள், வலி போன பிறகும் நிற்கவில்லை.

அவளுடைய மிஸ் ஷெரினுக்கு இருபத்தெட்டு.

வகுப்பின் ஆண்டு விழாவில் தெய்வானை மூன்று பாட்டுக்கு ஆட வேண்டும். முதலாவது நுழைவுப் பாட்டு. இசை தொடங்கிக் கொஞ்ச நேரம் மேடை காலியாகவே இருக்கும். பிறகு ஆடுபவள் மெல்லிய துணியொன்றை இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி உள்ளே வந்து மேடையைச் சுற்றுவாள்.

ஷெரின் எதையும் சேர்க்கவில்லை. ஒரு ஸ்டெப்பை எடுத்தாள்.

அடுத்த வாரம் இன்னொன்றை எடுத்தாள். தோள் குலுக்கல் போயிற்று. இடுப்பில் எட்டுப் போடுவதும் போயிற்று. விழாவுக்கு முந்தின வாரம் பார்த்தால், நடை மட்டும்தான் மிச்சம்.

தெய்வானைக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் தன் அக்காவைப் பற்றி ஷெரினிடம் சொன்னாள். இந்த வயதில் இடுப்பை ஆட்டுகிறாயா என்று கேட்டுவிட்டு, அக்கா ரத்தினம்மாள் நான்கு மாதமாகப் பேசுவதில்லை. தெய்வானைதான் அவளை விழாவுக்கு அழைத்திருக்கிறாள். வந்தாலும் வரலாம். வந்தால் முதலில் பார்க்கப்போவது இந்தப் பாட்டைத்தான்.

"சும்மா நடந்துட்டு என்ன பண்ணட்டும் மிஸ்?"

ஷெரின் எழுந்துபோய் வகுப்பறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

புழுக்கமாக இருக்கிறது போல என்று தெய்வானை நினைத்துக்கொண்டாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை மாலை. சின்ன அரங்கம், அறுபது நாற்காலி. இசை தொடங்கியது. பச்சைத் துணியை விரித்துக்கொண்டு தெய்வானை வந்தாள். முகம் இறுகிக் கிடந்தது. எதிரே இருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பாதிச் சுற்றில் வாசல் கண்ணில் பட்டது.

ரத்தினம்மாள் அங்கே நின்றிருந்தாள். கையில் பை. உள்ளே வருவதா, அப்படியே திரும்பிவிடுவதா என்று தெரியாமல் நின்றாள்.

அப்படித் தயங்கி நிற்கும் யாரையும் தெய்வானை கடையில் திரும்பிப் போக விட்டதில்லை. கை தானாக நீண்டது. பச்சைத் துணியும் கூடவே வாசலை நோக்கிப் பறந்தது. வாங்க என்றது முகம். தாளத்தோடு இடுப்பும் அதையே சொன்னது. மூன்றாம் வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் அரங்கமே சிரித்துத் தாளத்துக்குக் கை தட்டியது. மூன்றாம் வரிசைக்காரர்கள் காலை ஒதுக்கி வழி விட்டார்கள். தெய்வானை அவர்களையும் அழைத்தாள். இடப்பக்கம் இருந்தவர்களை, வலப்பக்கம் இருந்தவர்களை, தூணுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு தாத்தாவை.

ரத்தினம்மாள் பையை இறுக்கிப் பிடித்தபடி நடந்து வந்து உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்ததும் தெய்வானை திரைக்குப் பின்னால் ஓடி வந்து ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க மிஸ். சுத்தி வர்றதையும் மறந்துட்டேன். நான் ஆடவே இல்லை. எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டே இருந்துட்டேன்."

ஷெரின் திரையைக் கொஞ்சம் விலக்கினாள்.

ரத்தினம்மாள் பையைத் தரையில் வைத்திருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஏதோ கேட்டுக்கொண்டே, கழுத்தை நீட்டி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பாட்டுக்கு மேளம் ஆரம்பித்தது.

"வந்துட்டாங்க. இனி ஆடுங்க" என்றாள் ஷெரின்.