வாலில் ஒட்டிய இரண்டு

அழகுமலைக்கு ஐம்பத்தொரு வயது. அரசு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் உதவியாளர். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தால் பதவி உயர்வு உண்டு. அறிவியலில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார்.

அவருக்குப் பாடம் எடுத்த சகாயராணிக்கு இருபத்தாறு வயது. டியூஷனில் மற்றவர்களெல்லாம் மீசை முளைக்காத பையன்கள். அவர்கள் நடுவில் நோட்டை விரித்து உட்கார ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் நிறையவே இருந்தது. அன்றைக்குத்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது.

தேர்வுக்கு விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள். நிரப்பாத படிவத்தோடு வந்து நின்றார்.

"இந்தத் தடவை வேணாம் டீச்சர். இந்தச் சமன்பாடு நமக்கு ஆகாது."

"ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுங்கண்ணே. அப்புறம் போங்க."

சகாயராணி கரும்பலகையில் எழுதினாள்.

H₂ + O₂ → H₂O

இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. அழகுமலை யோசிக்கவே இல்லை. தண்ணீரின் வாலில் ஒரு சின்ன 2 ஒட்டினார். H₂O₂ ஆயிற்று.

"ரெண்டு பக்கமும் சரியா இருக்குல்ல? இதுக்குப் போய் மார்க்கை வெட்டுறாங்களே, ஏன் டீச்சர்?"

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. சகாயராணி பலகையைக் காட்டினாள்.

"தாகமா இருக்குண்ணே. நீங்க எழுதினதுல ஒரு டம்ளர் கொடுங்க."

டம்ளரை எடுக்கப் போனவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயையோ! எங்க ஆஸ்பத்திரி பாட்டில் மேல இதான போட்டிருக்கும்? புண்ணு கழுவுற பெராக்சைடு! குடிச்சா தொண்டை வெந்துரும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இருபது வருஷமாகக் கையில் புழங்கிய மருந்து. வாலில் ஒட்டிய 2-ஐ அவசரமாக அழித்தார்.

"அப்ப மிச்ச ஆக்சிஜன் எங்க போகும்?"

சகாயராணி இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து மேஜையில் வைத்தாள்.

அழகுமலை டம்ளர்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். தண்ணீருக்கு முன்னால் பெரிதாக ஒரு 2 போட்டார். இப்போது ஹைட்ரஜன் இடித்தது. அதற்கு முன்னாலும் ஒரு 2 போட்டார்.

2H₂ + O₂ → 2H₂O

விரல்விட்டு எண்ணினார். நாலுக்கு நாலு, இரண்டுக்கு இரண்டு.

"தண்ணி தண்ணியாவே இருக்கு டீச்சர்!"

பெருமை தாங்கவில்லை அவருக்கு. ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். பிறகு படிவம் கண்ணில் பட்டது, முகம் சுருங்கியது.

"இதைப் புரிஞ்சுக்கவே எனக்கு இத்தனை நாளாச்சு. அந்தப் பசங்க மூளை நமக்கு இல்ல. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

சகாயராணி பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"வளைய வேணாம்ணே. ஆளு இதே ஆளா இருக்கட்டும். பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு தடவைன்னு போட்டுப் பார்த்தோம், பத்தல. இப்ப மூணு போடுவோம்."