கரடி பிரித்த வேலி

ஒரு காட்டில் யானையும் கரடியும் ஒரு புல்வெளிக்காக மோதிக்கொண்டன. இரண்டுமே ஜெயிக்கவில்லை. கடைசியில் நடுவே முள்வேலி போட்டன. மேற்குப் பாதி யானைக்கு, கிழக்குப் பாதி கரடிக்கு. அங்கே மேய்ந்துகொண்டிருந்த மான்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவலை என்ற மான் மேற்கே மாட்டிக்கொண்டது, அதன் தங்கை கிழக்கே. இரண்டும் வேலி இடுக்கில் மூக்கை நீட்டி, முள் குத்தக் குத்தப் பேசிக்கொள்ளும்.

வருடங்கள் ஓடின. வேலி காய்ந்து சாய்ந்தது. கிழக்கு மான்கள் வேலியோரம் கூடி, “வழி விடு” என்று கேட்டன. கரடி உறுமியது.

செவலை யானையிடம் ஓடியது. “ஐயா, நீங்கள் ஒரு மிதி மிதித்தால் போதுமே.”

“வேலி நொறுங்கும். கூடவே கரடிக்கு ரோஷமும் வரும். அதன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது உன் தங்கை” என்றது யானை.

செவலை வேலிக்கு அப்பால் நின்ற தங்கையைத் திரும்பிப் பார்த்தது.

“என்னோடு வா” என்ற யானை, வேலியருகே போய்க் கரடியைக் கூப்பிட்டது. யானையின் முதுகில் ஒரு குரங்கும் தொற்றிக்கொண்டது.

“நான் தோற்றுவிட்டதாகச் சொல்லிக்காட்ட வந்தாயா?” என்றது கரடி.

“இல்லை. எனக்குக் காவல் காத்துக் காத்துக் கால் வீங்கிவிட்டது. உனக்கு?”

கரடி மெல்ல உட்கார்ந்தது. “இடுப்பு. ஆனால் வேலி போனால் நீ என் குகை வாசலுக்கு வந்து நிற்பாய்.”

“இந்த இடத்தைத் தாண்டி ஓரடி வைக்க மாட்டேன்.”

“மான்கள்?”

செவலை முன்னே வந்தது. “குகைப் பக்கம் எங்கள் கொம்பு திரும்பாது. இது என் வாக்கு.”

“அப்படியானால் வேலியை நீயே பிரித்துவிடு. கரடி பிரித்தது என்றுதான் காடு பேசும்” என்றது யானை.

கரடி தயங்கித் தயங்கி ஒரு முள்கிளையை இழுத்தது.

“நாம் ஜெயித்…” என்று குரங்கு வாயைத் திறந்தது. யானை சட்டென்று அதன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கி அந்த வாயில் திணித்தது.

கரடி நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. கடைசிக் கிளையையும் இழுத்துப் போட்டது.

தங்கை மான் தாவி வந்தது. செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. பிறகு திரும்பி, “நன்றி, கரடி மாமா” என்றது.

“போ, போ. புல் ஆறிவிடப் போகிறது” என்றது கரடி, வெட்கத்தோடு.

குரங்கு பழத்தை விழுங்கி முடித்தபோது, எது கிழக்கு மான், எது மேற்கு மான் என்று அதற்கே தெரியவில்லை.

நீதி: எதிராளியைத் தலைகுனிய வைக்காத பலசாலியால்தான் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க முடியும்.