பதின்மூன்று வரிகள்

"பதின்மூணு வரி வந்திருச்சுங்க டீச்சர். பதினாலாவது மட்டும் வரமாட்டேங்குது," என்றார் சென்னியப்பன்.

டீச்சர் என்பது அவராக வைத்த பெயர். மங்கையர்க்கரசி நடத்துவது பெருந்துறைப் பக்கம் ஒரு மாவு மில். அவளுக்கு முப்பத்து நான்கு வயது, அவருக்கு ஐம்பத்தெட்டு.

வாட்ஸ்அப்பில் 'முப்பது நாள் முப்பது கவிதை' என்று அவள் போட்டி வைத்திருந்தாள். ஒரு நாள் தவறினாலும் பெயரை எடுத்துவிடுவாள். அன்று இருபத்தோராம் நாள். தலைப்பு காதல், வடிவம் சானெட். பதினான்கு வரி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"யாருக்கு எழுதினது?"

"என் சம்சாரத்துக்குத்தானுங்க. தங்காயிக்கு. அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. போனும் எடுக்கறதில்ல. இதை அனுப்புனா வந்துருவா."

கேட்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் கவிதை திருத்த முடியாது.

மங்கையர்க்கரசி மிஷினை நிறுத்திவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். முதல் வரியிலேயே நிலா. நிலாவை இழுக்காமல் காதலிக்க நம் ஆட்களுக்குத் தெரியாது.

"அவங்க நிலாப் பாப்பாங்களா?"

"எட்டு மணிக்கே படுத்துருவாளுங்க."

அடித்தாள்.

"கயல்விழின்னு இருக்கு."

"சோடாபுட்டிக் கண்ணாடிங்க."

அதையும் அடித்தாள். இப்படியே பன்னிரண்டு வரி போயிற்று. மிஞ்சியது ஒன்று: நீ இல்லாத வீட்டில் காபி கசக்கிறது.

"அது நெசமுங்க," என்றார் அவசரமாக. "எனக்குப் போடத் தெரியாது."

அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். அந்த வரியையும் அடித்தாள்.

"எப்பப் போனாங்க?"

"ஒம்பதாம் நாளுங்க."

தேதியோ கிழமையோ அவருக்குச் சொல்ல வரவில்லை.

"அன்னைக்குத் தலைப்பு மழை. நான் அனுப்பிட்டேனுங்க. ஒரு நாள்கூட விட்டதில்லைங்க டீச்சர்."

அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"போகும்போது என்ன சொன்னாங்க?"

"பையைத் தூக்கிட்டு வந்து முன்னால நின்னா. பேச ஆரம்பிச்சா. எனக்குக் கடைசி வரி ஓடிட்டிருந்துச்சு. இருன்னு கையைக் காட்டினேன். அப்புறமும் பேசினா. ரொம்ப நேரம் பேசினா."

மங்கையர்க்கரசி காகிதத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"அவங்க பேசினதை எழுதுங்க. பதினாலு வரி தாராளமா வரும்."

சென்னியப்பன் பேனாவைத் திறந்தார்.

அவள் மிஷினைப் போட்டு ஒருவருக்கு மிளகாய் அரைத்துக் கொடுத்தாள். இன்னொருவருக்குக் கம்பு அரைத்துக் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தபோது காகிதம் அப்படியே இருந்தது. அவர் பேனாவை மூடியிருந்தார்.

"டீச்சர்," என்றார், "தலைப்பை மாத்திக் குடுங்க."