நாலு படிக் கொலு

மலையடிவாரத்தில் ஓர் ஊர் இருந்ததாம். நவராத்திரி வந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால் வீட்டில் தங்காதாம். வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள், கொலு பார்ப்பார்கள், பாடுவார்கள், சுண்டல் வாங்குவார்கள்.

அந்த ஊரில் செங்கமலம் என்று ஒருத்தி. அவளுக்கு ஐந்து வயதில் வேம்பு என்று ஒரு தம்பி. ஒரு சாயங்காலம் அவனுக்குக் கரடி வேஷம் போட்டு, செங்கமலத்தோடு இன்னும் மூன்று பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பினாள் அம்மா.

"கையைப் பிடிச்சுக்கிட்டே போங்க. முகமூடி கண்ணை மறைக்கக் கூடாது. தெரியாத வீட்டுக்குள்ள காலை வைக்காதீங்க."

எல்லாத் தலையும் நன்றாக ஆடியது. உங்கள் தலை ஆடுமே, அதே மாதிரி.

முதல் வீட்டில் மூன்று படிக் கொலு. பாடினார்கள், கடலைச் சுண்டல் கிடைத்தது. இரண்டாம் வீட்டில் ஐந்து படிக் கொலு. பாடினார்கள், பட்டாணிச் சுண்டல் கிடைத்தது, அதுவும் அரைக் கரண்டி. அப்படி ஒரு வீடு எல்லா ஊரிலும் உண்டு. எனக்கும் ஒன்று தெரியும், பேர் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, ஊர்க்கோடியில் யாரும் குடியில்லாத வீடு. அன்றைக்கு அங்கே விளக்கு எரிந்தது, தேங்காய் வாசனை அடித்தது. வேம்புவின் முகமூடி சரிந்து கண்ணை மூடிவிட்டது. மூக்கு மட்டும் வெளியே. அக்கா கையை உதறிவிட்டு, மூக்கு இழுத்த பக்கம் போய், உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவன் பக்கத்தில் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு கழுதைப்புலி!

"வாங்க கண்ணுகளா, எல்லாரும் உள்ள வாங்க."

புடவைக்குக் கீழே வால் ஆடியதைச் செங்கமலம் பார்த்துவிட்டாள். ஓடினால் தம்பி போய்விடுவான். உள்ளே போனால் எல்லோருமே போய்விடுவார்கள். கொலுவைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"ஐயே, நாலு படியா! ஒற்றைப்படையிலதானே வைக்கணும்? இதுக்கு நாங்க பாடவும் மாட்டோம், உள்ள வரவும் மாட்டோம்."

கழுதைப்புலிக்கு முகம் தொங்கிவிட்டது. "பலகை தீர்ந்துபோச்சே, கண்ணு."

"அதனால என்ன மாமி? நீங்களே குனிஞ்சு அஞ்சாவது படியா நில்லுங்க. மேல வேட்டியை விரிச்சுட்டா யாருக்குத் தெரியும்?"

"அப்போ எல்லாரும் உள்ள வருவீங்களா?"

"எல்லாரும்தான்."

ஐந்து பிள்ளைகளையும் ஒன்றாக நினைத்ததும் அதற்கு எச்சில் ஊறியது. குனிந்தது. பிள்ளைகள் உள்ளே வந்து, படியில் விரித்திருந்த வேட்டியை இழுத்து அதன் தலையோடு விரித்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் குனிங்க மாமி." குனிந்தது.

"இன்னும் கொஞ்சம்." குனிந்தது.

"இன்னும் கொஞ்சம்." பின்பக்கம் தரையைத் தொட்டது.

மூலையில் கிடந்த அம்மிக்கல்லை நாலு பேரும் தூக்கி அதன் இடுப்பில் வைத்தார்கள்.

"ஐயோ, என்ன பொம்மை இது, இந்தக் கனம் கனக்குது?"

"செட்டியார் பொம்மை மாமி. நல்லாச் சாப்பிட்டவரு."

சொல்லிக்கொண்டே தம்பியை வாரி எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தாள். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் ஊரே தடியோடு வந்தது. நாலு அடி வாங்கி, அம்மியை உதறிவிட்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது கழுதைப்புலி. அன்றிலிருந்து அதற்கு முன்பக்கம் மேடு, பின்பக்கம் பள்ளம்.

வேம்பு வீடுவரை அழுதான். பயத்தில் இல்லை.

"அக்கா, என் சுண்டல்! அங்கேயே விட்டுட்டு வந்துட்டியே!"

"டேய், அந்த வீட்டுல சுண்டலே நீதான்டா!"

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். கதையும் தீர்ந்தது, உங்கள் சுண்டல் கிண்ணமும் காலி. போய்க் கை கழுவுங்கள்.