துரைக்கண்ணு வாத்தியாரின் மௌனம்

அவசரமென்றால் டாக்டரிடம் போ, ஆற அமரக் கேட்க வேண்டுமென்றால் துரைக்கண்ணு வாத்தியாரிடம் போ என்று கோலார் தங்கவயலில் அந்தக் காலத்தில் சொல்வார்கள்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. குத்துச்சண்டை வாத்தியார். உலக யுத்தம் நடந்த வருஷங்களில் பெங்களூர், மதராஸ், கொழும்பு என்று எல்லா ஊர் ரிங்கிலும் ஏறி இறங்கிய ஹெவிவெயிட். அவருடைய வலது கை பட்டு விழுந்தவனுக்கு எந்த ஊரில் விழுந்தோம் என்பதே மறுநாள்தான் ஞாபகம் வரும்.

இப்போது வயது நாற்பத்தெட்டு. சுரங்கத்து லைன் வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து ஏதாவது கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். உதடு அசையும். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு சொல் வரும். கேட்டவர் அதைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு போவார்.

மருமகளோடு ஓயாத சண்டை என்று வந்த ஒருவரிடம் வாத்தியார் "உப்பு" என்றார். அந்த மனிதர் அதற்கு மூன்று அர்த்தம் கண்டுபிடித்து, சண்டையையும் முடித்துக்கொண்டாராம். அன்றைக்குக் காலையில் குழம்பில் உப்பில்லை. அதைத்தான் வாத்தியார் காலையிலிருந்து சொல்ல முயன்றுகொண்டிருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். அவர் மௌனமாக இல்லை, சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் மண்டையில் வாங்கிய அடியில் சொற்கள் இடம் மாறிக் கிடந்தன. இது அவருக்குத் தெரியும். மனைவி கன்னியம்மாளுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் சுகமும் இருந்தது. பைத்தியம் என்று பெயர் வாங்குவதா, ஞானி என்று பெயர் வாங்குவதா என்றால் நாம் மட்டும் எதை வாங்குவோம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து அருளப்பன் வந்தான். அவருடைய சிஷ்யர்களிலேயே பெரிய கை அவனுடையது. சம்மட்டி அருளப்பன் என்றால் மைசூர் வரைக்கும் தெரியும். முப்பத்துமூன்று வயது, இருநூற்றுப் பத்து பவுண்டு.

"வாத்யாரே, அடுத்த மாசம் கொழும்புத் துறைமுகத்துக்காரன் வரான். ரெண்டு பேர ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு வரானாம். நான் ஏறலாமா?"

வாத்தியார் கண்ணை மூடினார்.

"பயந்து கேக்கல. உங்க வாயால கேட்டுட்டு ஏறணும்னு வந்தேன். அப்புறம் ஒரு சந்தோசமான சேதி. உங்க அமைதி எனக்கும் வர ஆரம்பிச்சிருச்சு வாத்யாரே."

வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

"முன்ன மாதிரி பேச்சு வர்றதில்ல. ஒரு வார்த்த வேணும்னா உள்ளாற போய்த் தேடித்தான் எடுத்தாரணும். கோயில் மணி அடிச்சு ஓஞ்சப்புறம் ஒரு நாதம் நிக்குமே, அது எந்நேரமும் காதுல நிக்குது. போன வாரம் ஷிப்ட் முடிஞ்சு வந்தவன் என் வூட்ட நானே தாண்டிப் போயிட்டேன். வூடுன்னு நமக்கு ஒண்ணு ஏது, இல்லியா வாத்யாரே?"

வாத்தியார் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எடை குறைந்த பையன்கள் விலகி ஆடட்டும், கனமான கை உள்ளவனுக்குத் தடுப்பு எதற்கு என்பது அவருடைய பாடம். முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். இரண்டு வாங்க வேண்டும், ஒன்று கொடுக்க வேண்டும், அந்த ஒன்றில் ஆட்டம் முடியும். "வாங்கிக்கோ, குடு." எல்லாச் சொல்லும் அவரைக் கைவிட்ட பிறகும் இந்த இரண்டு மட்டும் கூடவே இருந்தன. அவற்றை வைத்தே இத்தனை வருஷம் பயிற்சி கொடுத்தார்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏறாதே, போதும், வீட்டுக்குப் போ, எதையாவது சொன்னால் போதும். வாத்தியார் தேடினார். நெற்றியில் வேர்த்தது. அருளப்பன் பக்தியோடு காத்திருந்தான்.

"தண்ணி," என்றார் வாத்தியார்.

அருளப்பன் யோசித்தான். முகம் மலர்ந்தது. "புரியுது. தண்ணிய எவ்ளோ அடிச்சாலும் அதுக்கு வலிக்காது."

வாத்தியார் வேகமாகத் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை.

"சரிதான், நான் மேலோட்டமாச் சொல்லிட்டேன். வலின்னே ஒண்ணு இல்லங்கிறீங்க."

வாத்தியார் எழுந்தார். உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து வந்தார். அவன் கண் எதிரிலேயே போட்டுக்கொண்டு, பொத்தானைப் பிடித்தார். விரல் நழுவியது. மறுபடி பிடித்தார். காஜா ஒரு பக்கம் போனது, பொத்தான் ஒரு பக்கம் போனது. பார், பார் என்று அவன் முகத்தைப் பார்த்தபடியே மூன்றாம் முறையும் முயன்றார். அவருக்கு அழுகை வந்தது. இந்தக் கண்றாவியை மனைவியைத் தவிர யாருக்கும் அவர் காட்டியதில்லை.

அருளப்பன் கைகூப்பிக்கொண்டு நின்றான்.

"ஒடம்பே ஒரு சட்டதான்னு காட்டுறீங்க."

கன்னியம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து பொத்தான்களைத் தானே மாட்டிவிட்டாள்.

"தம்பி, இது ஞானமும் இல்ல ஒண்ணும் இல்ல. அடி. மண்டையில வாங்குன அடி. தெனமும் நான்தான் சட்ட போட்டு வுடுறேன். சோத்தப் பெசஞ்சு நான்தான் வாயில வெக்கிறேன். ஊரு கையெடுத்துக் கும்புடுதேன்னு நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். பாவி நான். அந்த ஆட்டம் உனக்கு வேணாம்பா."

அருளப்பன் அவளை இரக்கத்தோடு பார்த்தான்.

"கோச்சுக்காதீங்கம்மா. விளக்கடியில இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? புத்தரு வூட்டம்மாவும் இப்பிடித்தான் நெனச்சிருப்பாங்க."

கன்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, இவனுக்குக் காது நன்றாகவே கேட்டது, அதுதான் கொடுமை.

அவன் குனிந்து வாத்தியாரின் காலைத் தொட்டான்.

"ஏர்றேன் வாத்யாரே. அவன் அடிக்கிற ஒவ்வொரு அடியும் என்ன உங்க பக்கத்துல கொண்டாந்து சேக்கட்டும்."

நிமிர்ந்தவனுடைய மணிக்கட்டை வாத்தியார் இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடியில் இன்னும் பழைய ஹெவிவெயிட் இருந்தான். வேண்டாம் என்ற சொல்லைத் தேடுவதை அவர் விட்டுவிட்டார். கைக்கு எட்டிய சொற்களை எடுத்துக்கொண்டார்.

"பொண்ணு," என்றார். "உன்... சின்னது."

"ஆமா வாத்யாரே. இந்தத் தை வந்தா ரெண்டு முடியுது."

"பேரு?"

அருளப்பன் சிரித்தான். "இன்னா வாத்யாரே, ஞானஸ்நானத்துக்கு வந்தீங்களே, மறந்துட்டீங்களா? நான் வெச்ச பேருதான். பாதர் வேற பேரு சொன்னாரு, வேணாம், இதான் வேணும்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னு..."

வாய் திறந்தபடி நின்றது.

கன்னியம்மாளுக்கு அந்தப் பெயர் தெரியும். விருந்துக்குப் போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டவள் அவள். எடுத்துக்கொடுக்க உதட்டைப் பிரித்தாள். வாத்தியார் மற்றொரு கையைத் தூக்கி அவளைத் தடுத்தார்.

அருளப்பன் தெருவைப் பார்த்தான். தெருக்கோடியில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மணல்மேட்டைப் பார்த்தான். உதடு அசைந்தது, மூடியது, மறுபடி அசைந்தது. முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. எந்த ரிங்கிலும் அந்தக் கண்ணில் பயத்தை யாரும் பார்த்ததில்லை. இப்போது இருந்தது.

"தெரியும் வாத்யாரே," என்றான். "எனக்குத் தெரியும்."

வாத்தியாருக்கு இந்தத் தடவை எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

"எனக்கும் அப்பிடித்தான்டா எல்லாம் தெரியும்," என்றார்.